செருப்பின் முனை: இளவயதில் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட மாணவிக்கு இணையவழி வாழ்வியல் வழிகாட்டல் – மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் கண்டு, சிகிச்சை முடிந்து பத்தாண்டுகள் கடந்த ஒரு கல்லூரி மாணவிக்கு, 2024 ஜனவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை 24 வாரங்கள் காணொலி அழைப்பின் வழியாக நான் அளித்த உணவு, உடற்பயிற்சி வழிகாட்டலைப் பற்றியது இந்தப் பதிவு. மாணவியின் ஒப்புதலையும் அவருடைய தாயாரின் ஒப்புதலையும் பெற்றே எழுதுகிறேன். ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நான் மதுரையில் பணிபுரியும் உணவியல் ஆலோசகர். மாணவியின் ஊர் அங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், மண்டபத்துக்கு அருகே, உள்ளூரில் தென்கடல் என்று சொல்லப்படும் மன்னார் வளைகுடாப் பக்கத்தில் இருக்கும் மீனவக் குடியிருப்பு. தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தாய் மாதத்தில் சில நாட்கள் மற்றப் பெண்களோடு தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். மாணவி ராமநாதபுரத்தில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் படித்துக்கொண்டிருந்தார். நாள்தோறும் பேருந்தில் போய் வந்தார்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பரவலானது அவருக்கு வந்த லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய். முழுமையான சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்துக் குழந்தைகளில் எட்டுக்கும் மேற்பட்டோர் இதிலிருந்து மீள்கிறார்கள். ஆனால் காப்பாற்றிய மருந்துகளே உடலில் சில தடங்களை விட்டுப்போகின்றன. ஸ்டீராய்டு மருந்துகள் எடையையும் எலும்பின் வலுவையும் பாதிக்கக்கூடும். டானோரூபிசின், டாக்சோரூபிசின் போன்றவை பல ஆண்டுகள் கழித்து இதயத் தசையைத் தளரச் செய்யக்கூடும். வின்கிரிஸ்டின் கால் நரம்புகளைத் தொட்டுவிட்டுப் போகக்கூடும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இவர்களுக்குச் சம வயதினரைவிட முன்கூட்டியே வர வாய்ப்பிருப்பதால், மற்றவர்களுக்கு நல்ல பழக்கம் என்ற அளவில் சொல்லப்படும் உணவும் நடையும் இவர்களுக்குச் சிகிச்சையின் தொடர்ச்சியாகவே அமைகின்றன. இதையெல்லாம் அறிந்துதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். அறிந்திருந்தும் தொடக்கத்தில் தவறினேன்.

தொடக்கத்தில் கண்டவை

எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் ஊரின் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் எடுத்துத் தந்தார். உயரம் 152 சென்டிமீட்டர், எடை 63 கிலோ, உடல் நிறை எண் 27.3. நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகுக்கு 23க்கு மேல் அதிக எடை என்றும் 25க்கு மேல் உடற்பருமன் என்றும் கொள்வது வழக்கம். இடுப்பளவு 88 சென்டிமீட்டர். பெண்களுக்கு 80 என்பதே எல்லை. ரத்த அழுத்தம் 132/84.

மாணவி சொன்ன முதல் குறை எடை அன்று, களைப்பு. கல்லூரியில் இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறும்போது நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்வதாகவும், மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பியதும் உடை மாற்றாமலே படுத்துவிடுவதாகவும் சொன்னார். தோழிகளுக்கு அவருடைய நோய் வரலாறு தெரியாது. நெருங்கிய உறவினரில் பலருக்கும் தெரியாது. கல்யாணப் பேச்சு வரும் வயது என்பதால் தெரியாமலே இருக்கட்டும் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

உணவில் ஒழுங்கு இல்லை. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவு பெரும்பாலும் விட்டுப்போகும். மாலையில் பேருந்து நிலையத்தில் வடை, இரவு எட்டு மணிக்கு மூன்று கரண்டிச் சர்க்கரையுடன் சத்துமாவுப் பால், பத்து மணிக்கு மேல் தட்டு நிறையச் சோறு. வாரத்தில் நான்கைந்து நாட்கள் கருவாடு.

இவை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. நான் கண்ணால் கண்டது மிகக் குறைவு. அலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மாணவி தரையில் உட்கார்ந்து பேசுவார். எனக்குத் தெரிந்தது கழுத்துக்கு மேலே உள்ள முகமும் பின்னால் தொங்கிய நாட்காட்டியும்தான். நேரில் வந்திருந்தால் அவர் அறைக்குள் நடந்து வருவதைப் பார்த்திருப்பேன். அந்த நாலடி நடையைப் பார்க்காமல் விட்டதுதான் இந்த நிகழ்வில் நேர்ந்த பிழைகளுக்கெல்லாம் தொடக்கம்.

முதல் திட்டம்

வாரத்தில் 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் குறைந்தபட்ச அளவு. அதை ஐந்து நாட்களுக்குப் பிரித்து, நாளுக்கு 30 நிமிட நடை என்று வைத்தேன். அலைபேசியில் அடிகளை எண்ணும் செயலியைப் பதிவிறக்கச் சொன்னேன். திங்களும் புதனும் இரவு ஏழு மணிக்கு அழைப்பு என்று முடிவானது.

முதல் நான்கு வாரங்களில் எட்டு அழைப்புகளில் ஐந்து நடக்கவில்லை. அடிக்கணக்கும் வரவில்லை. பதிவேட்டில் நான் 'ஈடுபாடு குறைவு' என்று எழுதினேன். இன்று அந்த இரண்டு சொற்களைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. வீட்டில் காணொலி அழைப்புக்கு ஏற்ற அலைபேசி ஒன்றுதான் இருந்தது. திங்கள், புதன், சனிக்கிழமைகளில் விசைப்படகு கடலுக்குப் போகும். தந்தை அதை எடுத்துக்கொண்டு போய் மறுநாள் காலையில்தான் திரும்புவார். நான் தேர்ந்தெடுத்த இரண்டு நாட்களும் அலைபேசி கடலில் இருந்த நாட்கள். இந்தக் கடற்கரையில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் படகு போகும் நாளைச் சொல்லிவிடுவான். நான் கேட்கவில்லை, அந்தப் பெண்ணும் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை.

அழைப்பைச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மாற்றியவுடன் ஒன்றும் தவறவில்லை. நடையில் வேறொரு தடை இருந்தது. வேலை எதுவும் இல்லாமல் தெருவில் ஒரு பெண் நடந்தால், என்ன ஏது என்று நாலு பேர் கேட்பார்கள். மறைத்து வைத்த நோய் அந்தக் கேள்வியில் வெளிவந்துவிடுமோ என்ற அச்சம் வீட்டில் இருந்தது. அதனால் தெருவில் வேண்டாம், கடற்கரையில் மாலையில் நடக்கலாம் என்று நானே யோசனை சொன்னேன். மணலில் நடப்பது நல்ல பயிற்சி என்றும் சேர்த்துச் சொன்னேன்.

ஐந்தாம் வாரம்

கடற்கரையில் நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் மாணவி வலது கணுக்கால் பிசகி விழுந்தார். ராமநாதபுரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. தசைநார் பிசகல் என்றார்கள். பத்து நாட்கள் கல்லூரிக்குப் போகவில்லை. நடை அத்தோடு நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பில், எப்படி விழுந்தார் என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பள்ளம் இல்லை, கல் தடுக்கவில்லை, 'காலே மணலுக்குள்ள மாட்டிக்கிச்சு' என்றார். செருப்போடு நடந்தீர்களா என்று கேட்டதற்கு ஆம் என்றார். அந்தச் செருப்பைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டச் சொன்னேன். நீல நிற ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் புதிதுபோல வரிவரியாக இருந்தது. கட்டைவிரல் பக்கத்து முனை மட்டும் காகிதம்போலத் தேய்ந்து, ஓரம் பிய்ந்திருந்தது. நாம் நடக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொடுவதால் பெரும்பாலும் தேய்வது பின்பக்கம். முனை தேய்ந்திருந்தால் அடியெடுத்து வைக்கும்போது முன்பாதம் மேலே எழும்பாமல் தரையை உரசிக்கொண்டு வருகிறது என்று பொருள்.

அலைபேசியை அம்மாவிடம் கொடுத்து, கூடத்தில் நடந்து காட்டச் சொன்னேன். பாதம் தரையில் பட்டென்று விழும் ஓசை எனக்கே கேட்டது. குதிகாலில் நிற்க முயன்றபோது இடது கால்விரல்களே சிறிது தூரம்தான் எழும்பின. பிசகல் ஆறிய பின் வலது பாதத்தைப் பார்த்தபோது அது அதைவிடத் தளர்ந்திருந்தது. வின்கிரிஸ்டின் கொடுக்கப்படும் குழந்தைகளுக்கு இப்படி ஆவதுண்டு. பலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். 'சின்னதுலேர்ந்தே இப்பிடித்தான் நடப்பா, நாங்க அவ நடையே அதுதான்னு விட்டுட்டோம்' என்றார் தாய். கெட்டியான தரையில் சமாளித்து வந்த பாதத்தை உதிரி மணலுக்கு அனுப்பியது நான்.

காகிதங்களைத் தேடியது

அன்றே பயிற்சிகளை எல்லாம் நிறுத்தினேன். எந்த மருந்து எவ்வளவு தரப்பட்டது என்று மருத்துவமனை எழுதித் தரும் சிகிச்சைச் சுருக்கத்தைப் பார்க்காமல் இனி ஓர் அடிகூட நடக்கச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். தொடக்கத்தில் நான் கேட்டபோது 'எங்கேயோ இருக்கு' என்று வந்த பதிலோடு திருப்தியடைந்திருந்தேன். இம்முறை தாய் தகரப் பெட்டியைத் திறந்து, குடும்ப அட்டைக்கும் மீனவர் அடையாள அட்டைக்கும் அடியில் இருந்த நான்கு பக்கங்களை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, மை மங்கிப்போயிருந்தன. ஒவ்வொரு பக்கத்தையும் வெயிலில் வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார் மாணவி.

டானோரூபிசினும் டாக்சோரூபிசினும் தரப்பட்ட அளவுகளைக் கூட்டியதில் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 240 மில்லிகிராம் வந்தது. 100 முதல் 250 வரை நடுத்தர அபாயம், 250ஐத் தொட்டால் அதிக அபாயம் என்று பன்னாட்டு வழிகாட்டுதல்கள் வகுத்திருக்கின்றன. இந்த நிலையில் உள்ளவர்களுக்கு, ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுத்துப் பார்க்கும் எக்கோ பரிசோதனை அவ்வப்போது தேவை. கடைசி எக்கோ 2016இல் எடுத்தது. அதன்பின் எட்டு ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை, குடும்பத்துக்கும் தெரியவில்லை. மாடிப்படியில் வாங்கும் மூச்சு பழக்கமின்மையாலா, இதயத்தாலா என்று தெரியாமலேதான் நான் நான்கு வாரங்கள் நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

சிகிச்சை தந்த மருத்துவருக்கு எழுதினேன். அவருடைய பரிந்துரையின்படி மார்ச் மாதத்தில் ராமநாதபுரத்திலேயே எக்கோ எடுக்கப்பட்டது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 58 விழுக்காடு, இயல்பான அளவு. படிப்படியாகப் பயிற்சியைத் தொடங்கலாம், மூச்சை அடக்கிக்கொண்டு பெரும்பாரம் தூக்குவது மட்டும் வேண்டாம் என்றார் மருத்துவர். பாதத்துக்கு இயன்முறை மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

தாயின் பேச்சு

இந்த இடைவெளியில் நடந்த ஓர் உரையாடலைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவுச் சோற்றைக் குறைப்பது பற்றி நான் மாணவியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, திரைக்கு வெளியே இருந்து தாய் பேசினார்:

'கீமோ போட்டப்ப ராத்திரி ரெண்டு மணிக்குச் சோறு கேப்பா மேடம். அந்த மாத்திர அப்பிடிப் பசிக்க வைக்கும். எந்திரிச்சு ஆக்கிக் குடுப்பேன். குடுத்துக் குடுத்துத்தான் உசுரோட கொண்டு வந்தேன். இப்ப நீங்க கொறைக்கச் சொல்றீங்க.'

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஸ்டீராய்டு நாட்களின் கொடும்பசியை ஆற்றிய கை, பத்தாண்டுகள் கழித்தும் அந்த வேலையை நிறுத்தாமல் இருந்திருக்கிறது. சோற்றைக் குறை என்பது அவர் காதில் பிள்ளையைக் காப்பாற்றுவதை நிறுத்து என்றே விழுந்தது. தண்ணீர்க் குடம் தூக்க விடாததும், வெயிலில் போக விடாததும் அதே அச்சத்திலிருந்து வந்தவைதான். அதுவரை தாயை நான் வழிகாட்டலுக்கு வெளியே வைத்திருந்தேன். வயதுவந்த பெண்ணுக்குத் தனிமை வேண்டும் என்ற எண்ணம் அதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறன்று. ஆனால் அடுப்பங்கரை யார் கையில் இருக்கிறதோ அவரை விட்டுவிட்டு உணவுத் திட்டம் போட முடியாது. மாணவியிடம் கேட்டு, அவர் சம்மதித்த பின், வெள்ளிக்கிழமை அழைப்பின் முதல் பாதியைத் தாய்க்கும் சேர்த்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை அழைப்பு மாணவிக்கு மட்டும்.

'அக்கா, குறைக்க வேண்டாம். எப்போது, என்ன கொடுப்பது என்பதை மட்டும் சேர்ந்து மாற்றுவோம்' என்று சொல்லித்தான் அடுத்த முறை தொடங்கினேன்.

மாற்றிய திட்டம்

இரவு பத்து மணிச் சோறு எட்டு மணிக்கு வந்தது. சத்துமாவுப் பால் காலைக்குப் போனது, சர்க்கரை ஒரு கரண்டியானது. இது தாய் தானே முடிவு செய்தது. பேருந்துக்கு முன் ஒரு தம்ளர் பாலாவது குடித்துவிட்டுப் போகிறாள் என்பதில் அவருக்கு நிறைவு இருந்தது. பொரித்த மீனுக்குப் பதிலாகச் சூடையும் நெத்திலியும் குழம்பில் வந்தன. முள்ளோடு தின்னும் சிறுமீன்கள் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து தருபவை. ஸ்டீராய்டு எடுத்த உடலுக்கு அது முக்கியம். இந்தக் கரையில் அது காசு கொடுத்து வாங்கும் மாத்திரையைவிட எளிதாகக் கிடைக்கிறது. கருவாடு வாரம் ஒரு நாள். அதையும் சமைக்கும் முன் இருமுறை நீர் மாற்றி ஊறவைப்பது.

பயிற்சியைப் பாதத்திலிருந்து தொடங்கினோம். உட்கார்ந்து துண்டை முன்பாதத்தில் மாட்டி இழுப்பது, திண்ணை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நிற்பது, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது ஆகியவை இயன்முறை மருத்துவர் கற்றுத் தந்தவை. ரப்பர் செருப்புக்குப் பதில் பின்பட்டை உள்ள செருப்பு வாங்கினார்கள். ஒவ்வோர் அழைப்பிலும் முதல் மூன்று நிமிடங்கள் கேமரா பாதத்தைப் பார்த்திருக்கும் என்பது விதியானது. அரைக்குடம் தண்ணீர் தூக்குவது பத்தாம் வாரத்தில் சேர்ந்தது. முதல் நாள் தாய் பக்கத்திலேயே நின்றார்.

எங்கே நடப்பது என்ற கேள்விக்குத் தாய்தான் விடை கண்டார். ஊரின் மீன் ஏலக்கூடம் மாலையில் காலியாகக் கிடக்கும். சிமெண்டுத் தளம், மேலே கூரை, மேடு பள்ளம் இல்லை. அங்கே இருவரும் சேர்ந்து நடந்தார்கள். கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலும் இப்போது இருந்தது: 'கால் சுளுக்கிக்கிச்சு, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு.' பிசகலைத் தெரு முழுக்கப் பார்த்திருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. முதலில் 10 நிமிடம். மே இறுதியில் 25 நிமிடம்.

எங்கள் வழிகாட்டல் திட்டத்தில் மாதம் ஒருமுறை, இதேபோல மீண்ட இளைஞர்கள் காணொலியில் கூடுவது உண்டு. மாணவி முதல் மூன்று கூட்டங்களிலும் கேமராவை அணைத்து, பெயரை மாற்றி வைத்துக்கொண்டு கேட்டார். நான் வற்புறுத்தவில்லை. நான்காவது கூட்டத்தில், இன்னொருவர் பாதம் மரத்துப்போவது பற்றிப் பேசியபோது, 'எனக்கும் செருப்பு முனைதான் தேயும்' என்று உரையாடல் பெட்டியில் ஒரு வரி எழுதினார்.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடையால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தந்தை வீட்டில் இருந்ததால் அலைபேசியும் வீட்டில் இருந்தது. ஏலக்கூடம் நாள் முழுவதும் காலியாக இருந்தது. ஆனால் கையில் காசு குறைந்தது. நாட்டுப்படகு மீன் விலை ஏறியதால் கருவாடு மறுபடியும் வாரம் நான்கு நாள் ஆனது. மே முதல் வாரத்தில் ரத்த அழுத்தம் 130/84 என்று ஏறத்தாழப் பழைய அளவுக்கே வந்தது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்று நான் சொன்ன கணக்கு அந்த வீட்டில் அந்த மாதங்களில் நிற்காது என்று புரிந்தது. பாசிப்பயறு, முட்டை, கேழ்வரகுக் கூழ் என்று மாற்றினோம். கருவாட்டை இரண்டு நாளுக்குக் கொண்டுவர முடிந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. வெயில் கடுமையால் நடையைக் காலை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

முடிவில் கண்டது

ஜூலையில் எடை 60.4 கிலோ, உடல் நிறை எண் 26.1, இடுப்பளவு 84, ரத்த அழுத்தம் 124/80. அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் எண்ணிக்கை 11லிருந்து 16 ஆனது. எடைக் குறைவு சிறியதுதான். அதை நான் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. மாணவி முதலில் சொன்ன குறையான களைப்பு தணிந்தது. இரண்டாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறார். இடது முன்பாதம் நன்றாக எழும்புகிறது. வலது இன்னும் தளர்வாகவே இருக்கிறது.

அக்டோபரில் பேசியபோது எடை ஒரு கிலோ கூடியிருந்தது. படகுகள் போக ஆரம்பித்ததும் தாய்க்கும் வேலை இருந்தது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் நடை வாரம் இரண்டு நாளாகச் சுருங்கியது. இயன்முறை மருத்துவரிடம் மாதம் ஒருமுறை போக வேண்டும் என்றிருந்தும் இரண்டு முறைதான் போயிருந்தார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சிகிச்சைச் சுருக்கமும் எக்கோ முடிவும் கைக்கு வரும் முன் இனி நான் உடற்பயிற்சி எதையும் சொல்வதில்லை. உணவைப் பற்றி வேண்டுமானால் பேசலாம். நடையைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. காகிதம் தொலைந்திருந்தால் சிகிச்சை தந்த மருத்துவமனைக்கு எழுதிப் பெறுவதும் வழிகாட்டியின் வேலையே. அதைக் குடும்பத்தின் தலையில் விட்டுவிடக் கூடாது.

முதல் அழைப்பிலேயே நடந்து காட்டச் சொல்கிறேன். பாதத்தையும் தேய்ந்த செருப்பையும் நடக்கப்போகும் தரையையும் பார்க்கிறேன். கூச்சப்படுபவர்கள் உண்டு, காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் காட்டுகிறார்கள்.

அழைப்பு நாளை வீட்டாரிடம் கேட்டே வைக்கிறேன். கடற்கரை ஊர் என்றால் படகு போகும் நாளும் தடைக்காலமும் பருவமழையும் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். மழை மாதங்களுக்கான வீட்டுக்குள் பயிற்சியை ஜூலையிலேயே பழக்கியிருந்தால் அக்டோபரில் நடை அவ்வளவு சுருங்கியிருக்காது என்று நினைக்கிறேன். அதைச் செய்யாதது என் குறை. 24 வாரங்களில் ஒருமுறையாவது நான் நேரில் போயிருக்க வேண்டும். போகவில்லை.

மாணவியின் நான்கு பக்கச் சிகிச்சைச் சுருக்கம் இப்போது பிளாஸ்டிக் உறையில், தகரப் பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது. அதன் படமும் மொத்த மருந்தளவு எழுதிய ஒரு சீட்டும் அவருடைய கல்லூரிப் பையில் இருக்கின்றன. அடுத்த எக்கோ 2029 மார்ச்சில் எடுக்க வேண்டும் என்பதை அந்தச் சீட்டின் அடியில் தாய் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்.